வேண்டாத வாசிப்பும் ஒளி என்னும் அளவுகோலும்

கடைகளில் விற்கப்படும் பண்டங்களின் உறைகளிலே கருங்கோடுகள் வரிசையாக நிற்பதை இக்காலத்திற் காணாதார் இலர். பால்மாப் பொதியிலும் சவர்க்காரக் கட்டியிலும் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பியிலும் அவை உள. காசாளர் பண்டத்தை எடுத்து வாசிப்புக் கருவியின் கண்ணாடி முகத்துக்கு நேரே காட்டுகிறார். சிறிய ஒலி ஒன்று எழுகின்றது. அந்த ஒலியோடு பண்டத்தின் பெயரும் விலையும் பற்றுச்சீட்டில் ஏறிவிடுகின்றன. எண்ணை விரலால் தட்டவேண்டிய வேலையும், தட்டும்போது நேரும் பிழையும் ஒருங்கே ஒழிந்தன.

ஆயினும், காசாளர் காட்டாத பண்டமும் சிற்சில வேளைகளிற் பற்றுச்சீட்டில் ஏறிவிடுவதுண்டு. ஒரு பொதியை வாசித்து முடித்து அப்பாலே வைக்கும் கை, அதே பொதியை மீண்டும் கருவியின் பார்வைக்குள் கொண்டுவந்துவிடலாம். வரிசையில் அடுத்து நிற்பவர் தம் கூடையை மேசையின் விளிம்பில் வைக்கும்போது, அதிலுள்ள பிஸ்கற் பெட்டியின் கோடுகள் கருவியின் கண்ணிற் படலாம். இருமுறை விலை கொடுத்தவர் அதனை அறிவது பெரும்பாலும் வீடு சேர்ந்து பற்றுச்சீட்டை விரித்துப் பார்க்கும்போதுதான். அப்போது பொதி ஒன்றுதான் வாங்கினேன் என்று நிறுவுவது எங்ஙனம்? நாட்கூலி பெறும் ஒருவருக்கு ஒரு பால்மாப் பொதியின் விலை சிறிய தொகையன்று. காசாளரின் நிலையும் இரங்கத்தக்கதே. பதிவை நீக்குவதற்கு மேலாளரை அழைத்தல் வேண்டும்; பின்னால் நிற்போர் முணுமுணுப்பர்; நாள் முடிவிற் கணக்கும் கையிருப்பும் ஒவ்வாவிடின் ஐயம் முதலில் அவர்மேலேயே விழும்.

இத் தவறு எதனால் நேருகின்றது என்பதை அறிவதற்கு, அக்கோடுகளின் வரலாற்றையும் அவை வாசிக்கப்படும் முறையையும் சிறிது நோக்குதல் நன்று.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள ட்ரெக்செல் கல்லூரியோடு தொடர்புடைய நோர்மன் யோசேப் வுட்லண்ட், பேர்னாட் சில்வர் என்னும் இருவர் இம்முறைக்கு அடிகோலியவர்கள். மோர்சின் தந்திக் குறிகளான புள்ளியையும் கோட்டையும் மியாமிக் கடற்கரை மணலில் விரலால் வரைந்து, அவற்றைக் கீழ்நோக்கி இழுத்தபோதே தடித்த கோடும் மெல்லிய கோடுமாகிய இவ்வெழுத்து வுட்லண்டின் மனத்தில் உதித்தது. 1949 இல் விண்ணப்பித்த ஆக்கவுரிமை 1952 இல் அவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் அக்கருத்தைக் கடைக்குக் கொண்டுசெல்லத் தக்க ஒளிமூலம் அக்காலத்தில் இருக்கவில்லை; அவர்கள் பரிசோதித்த கருவியில் 500 உவாற்று மின்விளக்கு எரிந்தது. 1960 இல் லேசர் ஒளி பிறந்து, கணினியும் மலிந்த பின்னரே காலம் கனிந்தது. 1974 ஆம் ஆண்டு யூன் 26 ஆம் நாள், ஒஹாயோ மாநிலத்தின் ட்ரோய் நகரில் மார்ஷ் என்னும் அங்காடியிலே, 67 சதம் விலையுள்ள சுவிங்கம் பொதியொன்று முதன்முதலாக இம்முறையில் விற்கப்பட்டது.

கோடுகளை வாசிக்கும் முறை எளியது. கருவி ஒளியைப் பாய்ச்சுகின்றது. கருங்கோடு ஒளியை விழுங்கும். வெண்மையான இடைவெளி அதனைத் திருப்பியனுப்பும். திரும்பிவரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு கோடுகளின் தடிப்பைக் கருவி அளந்து இலக்கமாக்குகின்றது. கடைப் பண்டங்களிற் பெரிதும் காணப்படும் குறியில் 13 இலக்கங்கள் உள. முதல் மூன்றும் அவ்வெண்ணை வழங்கிய நாட்டமைப்பைச் சுட்டும். இலங்கைக்கு உரியது 479. (அவ்வெண்ணைக் கண்டவுடன் பண்டம் இலங்கையில் உற்பத்தியானது என்று கொள்வார் பலர். எண் இங்கே பதியப்பட்டது என்பதற்கு அன்றி, பண்டம் இங்கே செய்யப்பட்டது என்பதற்கு அது சான்றாகாது.)

கடைசி இலக்கமே இக்கட்டுரைக்கு முதன்மையானது. அது காவல் இலக்கம். இடப்புறத்திலிருந்து 1, 3, 5 ஆகிய ஒற்றை இடங்களில் நிற்கும் இலக்கங்களை அவ்வாறே வைத்து, 2, 4, 6 ஆகிய இரட்டை இடங்களில் நிற்பனவற்றை மும்மடங்காக்கி, யாவற்றையும் கூட்டினால் வரும் தொகை 10 ஆல் மீதியின்றி வகுபடுதல் வேண்டும். வகுபடுமாறு அமைக்கப்படுவதே பதின்மூன்றாம் இலக்கம். கோடு அழிந்தமையாலோ கறை படிந்தமையாலோ ஓரிலக்கம் பிறழ வாசிக்கப்பட்டால், கூட்டுத்தொகை ஒவ்வாது. கருவி அதனைத் தள்ளிவிடும். பள்ளிச் சிறுவரும் ஒரு பென்சில் கொண்டு சரிபார்க்கத்தக்க இவ்வேற்பாடு, கணிதத்தின் சிக்கனத்துக்கு ஓர் அழகிய எடுத்துக்காட்டாகும்.

எனினும் மேலே கூறிய பால்மாப் பொதி இரண்டாம் முறை வாசிக்கப்பட்டபோது இலக்கம் எதுவும் பிறழவில்லை. கோடுகள் சரியாகவே வாசிக்கப்பட்டன. காவல் இலக்கமும் ஒத்தது. தவறு வாசிப்பில் இல்லை. வாசிக்கவேண்டாத வேளையில் வாசித்ததில் இருக்கின்றது. பிழையான வாசிப்பு வேறு, வேண்டாத வாசிப்பு வேறு. முன்னதைத் தடுக்கும் காவலன் குறியின் உள்ளேயே இருக்கின்றான். பின்னதைத் தடுப்பதற்குக் குறியினுள் எத்துணை இலக்கங்களைச் சேர்த்தாலும் பயனில்லை. காசாளர் இப்பண்டத்தைக் காட்ட எண்ணினாரா, அன்றி அது தற்செயலாகக் கண்ணிற் பட்டதா என்பதைக் கோடுகள் எவ்வாறு கூறும்?

கருவிகள் திருந்தத் திருந்த இத்தொல்லை மிகுந்தது என்பது கவனிக்கத்தக்கது. பழைய லேசர்க் கருவி மெல்லிய கதிரொன்றை ஓட்டி, அக்கதிர் கடந்த கோடுகளை மாத்திரம் வாசித்தது. இப்பொழுது வழங்கும் கருவிகளிற் பலவற்றினுள்ளே சிறிய ஒளிப்படக் கருவி உண்டு. அது தன் முன்னுள்ள காட்சி முழுவதையும் படமாக்கி, அப்படத்தில் எம்மூலையிற் குறி இருந்தாலும் தேடிப்பிடித்து வாசித்துவிடும். தலைகீழாக இருப்பினும் சாய்ந்திருப்பினும் அதற்குத் தடையில்லை. கூர்மையான கண்ணுடைய பணியாள் ஏவாத வேலையையும் செய்துவைப்பது போன்ற நிலை இது.

ஒரே குறியை அரைச் செக்கனுக்குள் மறுமுறை வாசித்தலாகாது என்று கருவிக்குக் கட்டளையிட்டால் என்ன எனக் கேட்கலாம். அங்ஙனம் செய்வதும் உண்டு. ஆனால் ஒருவர் ஒரேவகைப் பொதிகள் இரண்டை உண்மையாகவே வாங்கும்போது, கைவிரைவுள்ள காசாளர் இரண்டாவதை அக்காலத்துக்குள் காட்டிவிடுவார். அது பதியப்படாது போகும். முன்னது வாங்குபவருக்கு நட்டம். இது கடைக்காரருக்கு நட்டம். காலத்தை நீட்டினாற் பின்னையது மிகும். குறைத்தால் முன்னையது மிகும்.

படத்திற் குறி தோன்றும் பருமனைக்கொண்டு அண்மையில் உள்ளதையும் சேய்மையில் உள்ளதையும் பிரித்தறியலாமே என்பது இன்னொரு வினா. கண் அவ்வாறே பழகியிருக்கின்றது. தொலைவிலுள்ள மனிதன் சிறியவனாகத் தோன்றுவான். ஆனால் மனிதரின் உயரம் ஏறத்தாழ ஒன்றே என்பதை அறிந்திருப்பதால் அன்றோ அவ்வாறு கணிக்க முடிகின்றது? பட்டைக் குறியின் நியம அகலம், இருபக்க வெற்றிடங்களையும் சேர்த்து, ஏறத்தாழ 37 மில்லிமீற்றர். அதனை நூற்றுக்கு 80 பங்காகச் சுருக்கவும், நூற்றுக்கு 200 பங்காகப் பெருக்கவும் விதி இடமளிக்கின்றது. ஆதலால் 12 சென்ரிமீற்றர் தூரத்தில் நிற்கும் சிறு குறியும், 30 சென்ரிமீற்றர் தூரத்தில் நிற்கும் பெருங் குறியும் படத்தில் ஒரே பருமனாகவே தோன்றும். முன்னது காசாளர் கையில் இருப்பது. பின்னது அயலவர் கூடையில் இருப்பது.

எனவே, கருவிக்கு வாசிக்கும் கண்ணோடு தூரத்தை அறியும் வேறொரு புலனும் தேவையாயிற்று. ஒரு பண்டத்தைக் காட்ட எண்ணுபவர் அதனைக் கருவிக்கு அண்மையிற் கொண்டுவருவார். எண்ணத்தைக் கருவி அறியமாட்டாது, அண்மையை அறியும். இவ்வண்மையை அளப்பதற்கும் ஒளியே பயன்படுகின்றது.

ஒளியால் தூரம் அறியும் வழிகளில் மிக மலிவானது, செந்நிறக்கீழ்க் கதிரை அனுப்பித் திரும்பிவரும் ஒளியின் அளவைப் பார்ப்பது. கண்ணுக்குப் புலப்படாத அக்கதிர் மிகுதியாகத் திரும்பினாற் பொருள் அண்மையில் உள்ளது. குறைவாகத் திரும்பினாற் சேய்மையில் உள்ளது. ஆனால் நிறம் இங்கே ஏமாற்றும். அருகிலுள்ள கரிய பொருள் தொலைவிலுள்ள வெள்ளைக் கடதாசியைப் போன்றே சிறிதளவு ஒளியைத் திருப்பும். மனிதர் வருகையை உணர்ந்து குழாய்நீரைத் திறக்கும் கருவிக்கு இவ்வளவு போதும். காசுக் கணக்குக்குப் போதாது. இதனினும் சிறந்தது முக்கோண முறை. ஒளியை ஓரிடத்திலிருந்து அனுப்பி, சற்று விலகிய வேறோரிடத்தில் அதனை ஏற்கும்போது, பொருள் நெருங்க நெருங்கத் திரும்பும் கதிரின் கோணம் மாறுகின்றது. நில அளவையாளர் அணுகமுடியாத குன்றின் தூரத்தைக் கணிக்கும் முறை இதுவே. கோணத்தைப் பார்ப்பதால் நிறம் அவ்வளவாக இடையூறு செய்வதில்லை.

மூன்றாவது வழி, ஒளி போய்வரும் காலத்தை அளப்பது. எண்ணிப் பார்த்தால் இது வியப்புக்குரியது. ஒளிக்கு வேகம் உண்டா என்பதையே மனிதர் நெடுங்காலம் அறியாதிருந்தனர். கலிலியோ, இரு மனிதரை விளக்குகளோடு தூரத்தே நிறுத்தி, ஒருவர் விளக்கைத் திறந்ததும் மற்றவர் திறக்குமாறு செய்து அளக்கும் முறையொன்றை 1638 இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். மனிதக் கையின் தாமதமே அதில் முழுவதையும் விழுங்கிவிட்டது. 1849 இல் பிரான்சு நாட்டு அறிஞர் பிசோ, 720 பற்களுள்ள சக்கரமொன்றைச் சுழற்றி, அதன் பல்லிடுக்கின் வழியே ஒளியை எட்டரைக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்திலிருந்த கண்ணாடிக்கு அனுப்பினார். சக்கரம் செக்கனுக்கு ஏறத்தாழ பன்னிரண்டரை முறை சுழன்றபோது, திரும்பிவந்த ஒளியை அடுத்த பல் மறைத்தது. தெரிந்த தூரத்தைக் கொண்டு தெரியாத வேகத்தை அவர் கண்டார். இன்று ஒளியின் வேகம் செக்கனுக்கு 299,792,458 மீற்றர் என்பது ஐயமறத் தெரியும். 1983 முதல் மீற்றர் என்னும் அளவே அதிலிருந்துதான் பெறப்படுகின்றது. ஆதலால் கணக்கைத் தலைகீழாக்கி, காலத்திலிருந்து தூரத்தைக் காணலாம். 1969 இல் அப்பலோ 11 விண்வெளி வீரர் சந்திரனில் வைத்துவந்த ஒளித்திருப்பிக்கு லேசர் ஒளியை அனுப்பி, அது திரும்பிவரச் செல்லும் ஏறத்தாழ இரண்டரைச் செக்கனைக்கொண்டு சந்திரனின் தூரத்தை அறிஞர் அளக்கின்றனர்.

சந்திரனுக்குப் பயன்பட்ட அதே முறையைக் கடையின் மேசைக்குக் கொண்டுவருவதுதான் அரிய வேலை. ஏனெனில் தூரம் குறையக் காலமும் குறைகின்றது. ஒரு செக்கனை நூறு கோடி பங்காக்கினால் வரும் ஒரு பங்கிலே ஒளி 30 சென்ரிமீற்றர், அதாவது ஏறத்தாழ ஓரடி, செல்லும். ஓரடி தூரத்திலுள்ள பொதிக்குப் போய்த் திரும்ப அத்தகைய இரு பங்கு காலம் போதும். ஒரு சென்ரிமீற்றர் வேறுபாட்டை அறியவேண்டுமாயின், செக்கனை ஓர் இலட்சங் கோடி பங்காக்கி, அவற்றில் 67 பங்கைப் பிரித்தறிதல் வேண்டும். தனியொரு போட்டன் வந்து விழுந்தாலும் மின்னோட்டத்தைப் பெருக்கிக்காட்டும் நுண்ணிய ஒளியேற்பிகள் சிலிக்கனில் அமைக்கப்பட்ட பின்னரே இது கைகூடிற்று. அவ்வேற்பிகளும் ஒரே துடிப்பை நம்புவதில்லை. மிகப் பல துடிப்புகளை அனுப்பி, ஒவ்வொரு போட்டனும் எப்போது வந்தது என்பதைக் குறித்து, எக்காலத்தில் அவை மிகுதியாகக் குவிகின்றன என்று பார்க்கின்றன. இவ்வளவும் செக்கனின் முப்பதிலொரு பங்களவில் முடிந்துவிடும்.

எஸ். ரி. மைக்ரோஇலெக்ரோனிக்ஸ் என்னும் ஐரோப்பிய நிறுவனம் 2016 இல் வெளியிட்ட அத்தகைய உணர்கருவியொன்றின் நீளம் 4.4 மில்லிமீற்றர், அகலம் 2.4, தடிப்பு 1 மில்லிமீற்றர். ஒரு நெல்மணியின் நீளத்தை அது எட்டாது. ஒளியை அனுப்பும் சிறு லேசரும் ஏற்பியும் அதனுள்ளேயே அடங்கும். அது பயன்படுத்தும் 940 நனோமீற்றர் அலைநீளத்தை வளிமண்டலத்திலுள்ள நீராவி ஓரளவு உறிஞ்சிவிடுவதால், ஞாயிற்றின் ஒளியில் அப்பகுதி குறைவு. சாளரத்தருகே வைத்தாலும் இடையூறு அவ்வளவு இராது.

இனி, வாசிப்புக் கருவியோடு இதனை இணைக்கும் முறையைக் காண்போம். உணர்கருவி எந்நேரமும் தூரத்தை அளந்துகொண்டிருக்கும். எதிரே வெறுமை இருக்குமட்டும் வாசிக்கும் கண் மூடியே இருக்கும். அதன் விளக்கும் எரியாது. (நாள் முழுவதும் சிவந்த ஒளியை நோக்கியிருக்கும் காசாளரின் கண்ணுக்கு இது ஓர் ஆறுதல்.) பொருளொன்று, உதாரணமாக, 15 சென்ரிமீற்றருக்குள் வந்து ஒரு கணம் தரித்தால் மாத்திரமே கண் திறந்து ஒருமுறை வாசிக்கும். உடனே மூடிக்கொள்ளும். அப்பொருள் விலகிச் சென்ற பின்னரே மறுபடியும் திறக்கும். விலகியதாகக் கொள்ளும் எல்லையை 15 இல் வைத்தலாகாது. 20 இல் வைத்தல் வேண்டும். இரண்டும் ஒன்றாயின், கை சிறிது நடுங்கினும் பொதி எல்லைக்குள்ளும் வெளியுமாக ஊசலாடி, ஒவ்வொரு முறையும் புதுப்பொருளாகக் கணக்கிடப்படும். இவ்வைந்து சென்ரிமீற்றர் இடைவெளி சிறிதெனத் தோன்றினும், இரட்டைப் பதிவைத் தடுப்பதில் அதற்கே பெரும் பங்கு உண்டு. ஒரே வகைப் பொதிகள் இரண்டை விரைந்து காட்டுபவருக்கும் இம்முறையிலே தடையில்லை. முதலாவது போய் இரண்டாவது வருவதைத் தூரமே காட்டிக்கொடுக்கும். முதலாவது எல்லைக்கு வெளியே விலகியதை உணர்கருவி அளந்தறிந்த பின் இரண்டாவது வந்து ஒரு கணம் தரித்தால், இரண்டும் பதியப்படும்.

கடையிற் பணத்தளவில் நிற்கும் இத்தவறு, வைத்தியசாலையில் உயிரளவுக்குச் செல்லலாம். மருந்துகளின் பொதிகளிற் பட்டைக் குறி இருத்தல் வேண்டும் என 2004 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விதித்தது. குறிமுறை நடைபெறும் வைத்தியசாலைகளில், தாதி நோயாளியின் மணிக்கட்டுப் பட்டியையும் மருந்துப் பொதியையும் வாசிப்பார். மருந்து அந்நோயாளிக்கு உரியதன்று எனின் கணினி எச்சரிக்கும். ஆனால் தள்ளுவண்டியின் தட்டிலே பல மருந்துகள் நெருங்கிக் கிடக்கும். கருவி பக்கத்துப் பொதியை வாசித்துவிட்டால் பொய்யெச்சரிக்கை எழும். அதனால் என்ன கேடு என்று கேட்பாருண்டு. பொய்யெச்சரிக்கைகளை நாடோறும் கேட்பவர், மெய்யான எச்சரிக்கை வரும் நாளில் அதனையும் தட்டிக்கழித்துவிடுவார். வேலை மிகுந்த இரவில் களைத்திருக்கும் தாதியரைக் குறைகூறுவதில் நியாயமில்லை; பொய் சொல்லாத கருவியை அவர்கள் கையிற் கொடுத்தலே தக்கது.

பண்டசாலைகளிலோ நிலைமை எதிர்மாறு. உயர்ந்த தட்டிலுள்ள சீட்டைக் கீழே நின்று வாசிக்க வேண்டியவர் தம் கையிலேயே ஒரு பெட்டியை வைத்திருக்கலாம். அங்கே அண்மையில் உள்ளதை விலக்கிச் சேய்மையில் உள்ளதைக் கொள்ளுதல் வேண்டும். ஆகவே தூரத்துக்கு மேலெல்லை ஒன்று போதாது, கீழெல்லையும் வகுக்கப்படுகின்றது.

இடர்ப்பாடுகளும் இல்லாமலில்லை. உணர்கருவியின் பார்வை நேர்கோடன்று; கூம்பு. மேற்கூறிய சிறு கருவியின் கூம்பு 25 பாகை விரிவுடையது. 15 சென்ரிமீற்றர் தூரத்தில் அது ஆறரைச் சென்ரிமீற்றர் அகலத்தையும், 40 சென்ரிமீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 18 சென்ரிமீற்றர் அகலத்தையும் அடக்கும். அவ்வகலத்துக்குள் வரும் விரலோ சட்டைக் கையோ பண்டமாகவே கருதப்படலாம். தெளிந்த போத்தல் ஒளியைத் தன்னூடே போகவிடும். பளபளக்கும் தகரம், சிறிது சாய்ந்திருந்தாலும், கதிரை வேறு திசைக்கு வீசிவிடும். இவற்றினும் பெருந்தொல்லை தருவது கருவியின் முகத்திலுள்ள கண்ணாடியே. அனுப்பும் ஒளியில் ஒரு பங்கு அக்கண்ணாடியிற் பட்டே திரும்பிவிடும். புதிய கருவியில் அது எவ்வளவு என்று அளந்து கழித்துவிடுவர். நாட்பட, மாத்தூளும் எண்ணெய்க் கையும் பட்டு அது மங்கும்போது, எதிரே ஒன்றுமில்லாதிருந்தும் ஏதோ அருகில் நிற்பதாக உணர்கருவி மயங்கும். அதனால், அனுப்பும் ஒளிக்கும் ஏற்கும் ஒளிக்கும் இடையே கரிய தடுப்பொன்றை வைத்துக் கண்ணாடியை இரண்டாகப் பிரித்தமைக்கும் வழக்கமும் உண்டு. மென்துணியால் நாடோறும் ஒருமுறை துடைப்பது அதனினும் மலிவான வழி.

ஒரே தூரத்திற் பல குறிகள் நிற்கும்போது தூரம் அறியும் புலன் உதவாது. கைத்தொலைபேசிப் பெட்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்தவர்கள் அங்கே மூன்று நான்கு குறிகள் அடுக்கியிருப்பதைக் கண்டிருப்பர். ஒன்று பண்டத்தின் எண். மற்றொன்று அத்தொலைபேசிக்கே உரிய தனியெண். இவற்றுள் ஒன்றைத் தெரிவதற்கு, கருவியிலிருந்து சிறிய ஒளிப்பொட்டொன்றை விழுத்தி, அப்பொட்டின் கீழ் அமைந்த குறியை மாத்திரம் ஏற்குமாறு செய்துள்ளனர். அவ்வசதி இல்லாத கடைகளிற் காசாளர் மற்றக் குறிகளைத் தம் பெருவிரலால் மறைத்துக்கொண்டே பெட்டியைக் காட்டுகின்றார்.